கவுன்சிலர் தேர்தல்: பட்டியலில் பெயர் பார்ப்பதில் தொடங்கி செலவுக் கணக்கு கொடுப்பது வரை

சட்டமன்றத் தொகுதி ஒன்றில் இரண்டு மூன்று லட்சம் வாக்காளர்கள் இருப்பார்கள். பேரூராட்சி வார்டில் பெரும்பாலும் சில நூறு பேர்தான். நகராட்சி வார்டில் ஆயிரம், இரண்டாயிரம். சென்னை மாநகராட்சியில் மட்டும் 200 வார்டு, ஒவ்வொன்றிலும் சராசரியாக முப்பதாயிரம் பேர். வார்டு சிறியதாக இருப்பதால், பட்டியலில் ஒரு தெரு இடம் மாறிப்போனாலும் மனுவில் ஒரு எண் தப்பிப்போனாலும் அந்த வார்டின் முடிவே மாறிவிடும். அதனால் பிரசாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் காகித வேலையைப் பற்றி விரிவாகவும் இங்கே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்கு ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தையது 2011-ல். 2016 அக்டோபரில் நடக்க வேண்டியிருந்ததை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்று அரசியல் சட்டமே வரையறுத்திருப்பதால், அந்தக் கணக்குப்படி 2027 மார்ச்சில் பதவிக்காலம் முடிகிறது. கீழே வரும் டெபாசிட், செலவு வரம்புத் தொகைகள் 2022-ல் இருந்தவை. அந்தத் தேர்தல் பழைய நகராட்சிச் சட்டங்களின்படி நடந்தது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அடுத்த தேர்தலுக்கு அறிவிக்கை வந்ததும் தொகைகளையும் படிவங்களையும் அதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

யார் நடத்துகிறார்கள், எத்தனை ஓட்டு

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு இதில் வேலை இல்லை. இரண்டும் தனித்தனி அமைப்புகள். புகார் எழுதும்போது இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சென்னையில் இருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரி இந்தியத் தேர்தல் ஆணையத்தைச் சேர்ந்தவர். வார்டுத் தேர்தல் முறைகேட்டை அவருக்கு எழுதினால் மனு கைமாறிக்கொண்டே இருக்கும், அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். வார்டின் தேர்தல் நடத்தும் அலுவலர், அவருக்கு மேல் மாவட்டத் தேர்தல் அலுவலர், அவருக்கு மேல் மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதுதான் வரிசை.

கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: ஊராட்சி வார்டு, ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். நகரத்தில் ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு மட்டும். மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-ல் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்ட நினைவில், “மேயருக்கு எந்த மெஷின்?” என்று கேட்பவர்கள் 2022-லும் இருந்தார்கள். இடையில் முறை மாறி மாறி வந்து, 2019 நவம்பரில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தோடு மறைமுகத் தேர்தல் என்றானது.

பட்டியல்: வேலை இங்கேதான் தொடங்குகிறது

உள்ளாட்சிக்கென்று வீடு வீடாகப் போய்த் தனிப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, எந்தத் தெரு எந்த வார்டோ அதில் அடுக்கி, புதிய பாகம் எண்ணும் (பட்டியலின் எந்தப் பகுதி என்று காட்டுவது) வரிசை எண்ணும் கொடுத்து வெளியிடுகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் இதற்குப் பொறுப்பு. இந்த முறையிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வார்டுப் பட்டியலிலும் இடமில்லை. 18 வயது நிறைந்தவர் படிவம் 6 கொடுத்துச் சேர வேண்டும். வீடு மாறியிருந்தாலோ பெயரில் பிழை இருந்தாலோ படிவம் 8. இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் பெயரை நீக்கப் படிவம் 7. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் (18 வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் நாட்கள்) உண்டு. எதை எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் 1950-க்குப் போன் செய்யலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பிடிக்கலாம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. “போன தடவை போட்டேனே” என்று இருந்துவிடாதீர்கள். கையில் வாக்காளர் அட்டை இருப்பதால் மட்டும் பட்டியலில் பெயர் இருப்பதாக ஆகாது.

இரண்டாவது, பெயர் இருந்தும் தவறான வார்டுக்குப் போயிருக்கலாம். ஒரே தெருவின் வலப்பக்கம் 11-வது வார்டாகவும் இடப்பக்கம் 12-வது வார்டாகவும் இருக்கும் ஊர்களில் இது சாதாரணம். ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் உள்ள ஊர்களிலும் அப்படித்தான், பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் இல்லாத பேட்டை ஏது? வரைவுப் பட்டியல் வெளியானதும் உங்கள் வீட்டுப் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல், தெருவின் முதல் வீடும் கடைசி வீடும் எந்த வார்டில் இருக்கின்றன என்று பாருங்கள். தப்பாக இருந்தால், வார்டு எல்லையைக் காட்டும் அரசிதழ் அறிவிக்கையின் நகலோடு ஆணையரிடமோ செயல் அலுவலரிடமோ எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

எல்லைகளும் நிலையானவை அல்ல. திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய ஊர்கள் 2024-ல் மாநகராட்சிகளாயின. பக்கத்து ஊராட்சிகள் சேரும்போது வார்டு எண்ணும் மாறும், எல்லையும் மாறும், எத்தனை ஓட்டு என்பதும் மாறும்.

வாக்குச்சாவடியில்

2022-ல் காலை 7 முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு. கொரோனா காலம் என்பதால் கடைசி ஒரு மணி நேரத்தைத் தொற்றுள்ளவர்களுக்காக ஒதுக்கினார்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து, எத்தனை பேர் இருந்தாலும் ஓட்டுப் போட விடுவார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு சாவடி, பெண்களுக்கு ஒரு சாவடி என்று பிரித்திருப்பதும் உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் அறை எண்ணைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

பூத் சிலிப் என்பது உங்கள் வரிசை எண்ணைத் தேட உதவும் துண்டு, அவ்வளவுதான். அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை வேண்டும். அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும்.

உள்ளே போனதும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. ஆட்சேபம் இருந்தால் அவர்கள் அந்த நேரத்தில்தான் சொல்ல முடியும். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு துண்டுச் சீட்டுத் தருவார். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு மூன்றாமவர் தன் மேசையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்துவார். தட்டி மறைப்புக்குள் இருக்கும் எந்திரத்தின் மேல்மூலையில் பச்சை விளக்கு எரியும். அது எரிந்த பிறகுதான் எந்திரம் உங்கள் ஓட்டை வாங்கும். சின்னத்துக்கு நேரே இருக்கும் நீலப் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, ‘பீப்’ என்று நீளமாகச் சத்தம் வரும். சத்தம் கேட்காமல் வெளியே வந்துவிடாதீர்கள். சரியாக அழுத்தாமல் வந்தால் ஓட்டுப் பதிவாகியிருக்காது, அடுத்து வருபவருக்கும் குழப்பம். பார்வையற்றவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் உதவிக்கு ஒருவரை அழைத்துப் போகலாம்.

2022-ல் நோட்டா பட்டன் கிடையாது. சட்டமன்றத் தேர்தலில் பழகிப்போய் அதைத் தேடி நிற்க வேண்டாம்.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி, ‘ஆய்வுக்குரிய வாக்கு’ கேளுங்கள். எந்திரத்தில் அல்லாமல் வாக்குச்சீட்டில் போட்டு உறையிலிட்டுத் தனியாக வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் ஐந்து, பத்து ஓட்டில் முடிவான வார்டு நீதிமன்றத்துக்குப் போனால் அந்த உறைதான் சான்று.

யார் நிற்கலாம்

ஓட்டுப்போட 18 வயது, நிற்க 21. தமிழ்நாட்டில் கல்வித் தகுதி எதுவும் கிடையாது. எத்தனை பிள்ளைகள் என்ற வரம்பும் இல்லை.

வேட்பாளரின் பெயர் அந்த மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டுப் பட்டியலில் இருந்தால் போதும். 4-வது வார்டில் ஓட்டு உள்ளவர் 9-வது வார்டில் நிற்கலாம். ஆனால் அப்படி நின்றால் அவர் ஓட்டும் அவர் வீட்டார் ஓட்டும் அவருக்கு விழாது. 2021-ல் கோவை மாவட்டத்து ஊராட்சி வார்டு இடைத்தேர்தல் ஒன்றில் இப்படி வேறு வார்டில் ஓட்டு வைத்திருந்த வேட்பாளருக்குக் கிடைத்தது ஒரே ஓட்டு. நாடு முழுக்க அது செய்தியானது.

அடுத்தது இடஒதுக்கீடு. மொத்த வார்டுகளில் பாதி பெண்களுக்கு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி. எந்த வார்டு யாருக்கு என்று அரசிதழில் வரும். இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: பெண்கள் பெண்கள் வார்டில்தான் நிற்கலாம், பட்டியல் இனத்தவர் தனி வார்டில்தான் நிற்கலாம் என்று. அப்படி இல்லை. பொது வார்டில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். பொது வார்டில் நிற்கும் பட்டியல் இனத்தவருக்கும் டெபாசிட் பாதிதான். கட்சிக்காரர்கள் “இது பொது வார்டும்மா” என்று சொல்லி நல்ல பெண் வேட்பாளர்களைத் திருப்பி அனுப்புவது நடக்கிறது. அதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

நிற்க முடியாதவர்களில் முதலில் வருபவர் அரசு ஊழியர். ராஜினாமாக் கடிதம் கொடுத்தது போதாது, அது ஏற்கப்பட்ட உத்தரவு கையில் இருக்க வேண்டும். நகராட்சியின் வேலையைத் தன் பெயரிலோ பங்காகவோ ஒப்பந்தம் எடுத்து, அது இன்னும் முடியாமல் இருந்தால் நிற்க முடியாது. நகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பவருக்கும் சிக்கல். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பரிசீலனை நாளன்று அதிகம் சண்டை நடக்கும்.

பழைய சட்டத்தின் வாசகப்படி, பில்லோ நோட்டீஸோ கொடுத்து, அதில் சொன்ன கெடுவும் முடிந்த பிறகும் கட்டாமல் இருக்கும் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கிதான் தகுதியைப் பறிக்கும். ஆனால் எதிராளி அவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டார். ‘பாக்கி இருக்கிறது’ என்று ஒரு காகிதத்தை நீட்டுவார், விளக்கம் சொல்லும் பாரம் உங்கள் தலையில் விழும். ஆகவே அறிவிக்கை வரும் முன்பே சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், கடை வைத்திருந்தால் தொழில் வரி, நகராட்சிக் கடையில் வாடகைக்கு இருந்தால் அந்த வாடகை என எல்லாவற்றையும் நடப்பு அரையாண்டு வரை கட்டிவிட்டு நிலுவையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். வீடு அப்பா பெயரில், குடிநீர் இணைப்பு தாத்தா பெயரில் என்று இருந்தாலும் கட்டிவிடுவது நிம்மதி. அறிவிக்கை வந்தபின் அந்த கவுன்டரில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வேட்புமனு

2022-ல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனு வாங்கினார்கள், 5 அன்று பரிசீலனை, 7 அன்று வாபஸ். ஓட்டுப்பதிவு 19, எண்ணிக்கை 22. அறிவிப்பு வந்ததிலிருந்து முடிவு வரை நான்கு வாரம்கூட இல்லை. சான்றிதழ் வாங்கப் புறப்பட அது நேரமல்ல.

டெபாசிட் தொகை: மாநகராட்சி வார்டுக்கு ரூ.4,000, நகராட்சி வார்டுக்கு ரூ.2,000, பேரூராட்சி வார்டுக்கு ரூ.1,000. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு இதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காமல் தோற்றால் பணம் திரும்பாது.

மனுப் படிவத்தில் மிகச் சிறிய இடம் பிடிக்கும், மிகப் பெரிய வினை செய்யும் வரி, முன்மொழிபவரின் (உங்களை வேட்பாளராக முன்வைத்து மனுவில் கையெழுத்துப் போடுபவரின்) பாகம் எண்ணும் வரிசை எண்ணும். வேட்பாளர் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம் என்றோம். முன்மொழிபவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர், பக்கத்துத் தெருக்காரர் என்று கையெழுத்து வாங்கி, பரிசீலனையில் அவர் தெரு அடுத்த வார்டில் இருப்பது தெரிந்து மனு தள்ளுபடியாவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. அதேபோல, எண்ணைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுவதும் நடக்கிறது. செல்போனில் வாக்காளர் சேவைத் தளத்தில் தேடினால் வருவது சட்டமன்றத் தொகுதியின் பாகம் எண். மனுவில் எழுத வேண்டியது வார்டுப் பட்டியலின் எண். இரண்டும் வேறு வேறு. வார்டுப் பட்டியலின் அச்சுப் பிரதியை வாங்கி, உங்கள் பெயர் உள்ள பக்கத்தையும் முன்மொழிபவர் பெயர் உள்ள பக்கத்தையும் மடித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுதுங்கள். முன்மொழிபவர் வேறு எந்த வேட்பாளருக்கும் கையெழுத்துப் போடாதவராக இருப்பது பாதுகாப்பு.

பெயர் எழுதும்போது, எந்திரத்தில் எப்படி வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். உங்கள் பெயரிலேயே இன்னொருவரை எதிரணி நிறுத்துவது பழைய தந்திரம். தலைப்பெழுத்தும், ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயரும் சேர்ந்திருந்தால் வாக்காளருக்குக் குழப்பம் குறையும். சுயேச்சையாக நிற்பவர் விரும்பும் மூன்று சின்னங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். சின்னம் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பு வெள்ளையில், சிறிய அளவில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். தூரத்தில் ஒன்றுபோல் தெரியும் சின்னங்கள் பல உண்டு.

மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் சேர்க்க வேண்டும்: நிலுவை வழக்குகள், தண்டனைகள், உங்கள் பெயரிலும் கணவர் அல்லது மனைவி பெயரிலும் சார்ந்தோர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், படிப்பு. இதை நோட்டரி வழக்கறிஞர் முன் உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். எந்த இடத்தையும் வெறுமையாக விடக்கூடாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், கோடு போடாதீர்கள். மறந்துபோன பழைய வழக்கு ஏதும் இருக்கிறதா என்று மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள். மறியலில் கைதாகி மாலையில் விடுவிக்கப்பட்டவர்களுக்குப் பெயரில் வழக்கு இருப்பதே தெரியாமல் இருக்கும்.

தனி வார்டானால் சாதிச் சான்று. பட்டியல் இனத்தவருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கியது. கட்சி வேட்பாளரானால் தலைமைக் கழகம் சின்னம் ஒதுக்கித் தரும் படிவங்கள், அறிவிக்கையில் சொன்ன நேரத்துக்குள் அலுவலர் கைக்கு வந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் கட்சிச் சின்னம் போய்விடும். கட்சிகள் கூடவே மாற்று வேட்பாளர் ஒருவரை மனுச் செய்ய வைப்பது இந்தப் பயத்தில்தான்.

மனுவை வேட்பாளரோ முன்மொழிபவரோ நேரில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே கொடுத்தால், அங்கேயே அலுவலர் மேலோட்டமாகப் பார்த்து, விட்டுப்போனதைச் சொல்வார். திருத்தவோ இன்னொரு மனுக் கொடுக்கவோ நேரமிருக்கும். கடைசி நாள் மாலையில் வரிசையில் நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. டெபாசிட் ரசீது, மனு பெற்றதற்கான ஒப்புகை, பரிசீலனை நேரம் குறித்த அறிவிப்பு, இந்த மூன்று தாளும் கையில் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பரிசீலனையும் வாபஸும்

2022-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. பரிசீலனைக்கு நேரில் போங்கள், முன்மொழிபவரையும் அழைத்துப் போங்கள், எல்லாச் சான்றுகளின் அசலும் கையோடு இருக்கட்டும். எழுத்துப் பிழை போன்ற சிறு குறைகளுக்காக மனுவைத் தள்ளக்கூடாது. கையெழுத்து இல்லாதது, வயது குறைவு, டெபாசிட் கட்டாதது, முன்மொழிபவர் வேறு வார்டு, தனி வார்டுக்குச் சான்று இல்லாதது, இவையெல்லாம் உயிர்நாடிக் குறைகள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் தரக் கேளுங்கள். பின்னால் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட அந்தக் காகிதம் இல்லாமல் முடியாது.

வாபஸ் வாங்கிய மனுவை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது. கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் யார் யார் வாபஸ் என்று தெரிந்தபின் இறுதிப் பட்டியல் ஒட்டுவார்கள். ஒருவர்தான் மிஞ்சினால் அவர் போட்டியின்றித் தேர்வு. 2022-ல் அப்படி 218 பேர். வாபஸ் வாங்கச் சொல்லிப் பணமோ மிரட்டலோ வந்தால் அது குற்றம். போலீஸுக்கும் தேர்தல் பார்வையாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒரு வார்டே ஓட்டுப் போடும் உரிமையை இழப்பது சின்ன விஷயமில்லை.

பிரசாரமும் பணமும்

செலவு வரம்பு 2022-ல் பேரூராட்சி வார்டுக்கு ரூ.17,000, முதல்நிலை, இரண்டாம் நிலை நகராட்சி வார்டுக்கு ரூ.34,000, தேர்வுநிலை, சிறப்புநிலை நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ரூ.85,000, சென்னைக்கு ரூ.90,000. ஆட்டோ வாடகை, மைக், துண்டறிக்கை, பந்தல், வந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ வரை எல்லாம் கணக்கில் வரும். அன்றன்று எழுதுங்கள், பில்லோடு ஒட்டுங்கள். துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அதுவே வழக்காகும். ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடித்து ஆவணம் கேட்கும்.

ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன் பிரசாரம் நிற்க வேண்டும். ஓட்டுப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது.

வார்டில் வேலை செய்யும் விதம் ஒன்றே ஒன்று: பட்டியலைத் தெருவாரியாகக் கிழித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே ஆள் இருக்கிறாரா, வெளியூரா, இறந்துவிட்டாரா என்று குறித்துக்கொண்டே நடப்பது. 2022-ல் மாநிலம் முழுவதும் 60.70 சதவீத வாக்குப்பதிவு. பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22, சென்னையில் 43.59. பெரிய நகரத்தில் வாக்காளரில் பாதிப் பேர் வருவதில்லை. அங்கே யார் வரப்போகிறார் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கே வார்டு.

முகவர்கள், எண்ணிக்கை, தலைவர் தேர்தல்

சாவடி முகவராக, அந்தத் தெருக்காரர்களின் முகம் தெரிந்தவரை அனுப்புங்கள். ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க அவரால்தான் முடியும். வாக்குப்பதிவு தொடங்கும் முன் எந்திரத்தைச் சோதிக்க நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண், முத்திரை எண், பதிவான மொத்த ஓட்டு ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் கருவியின் எண்ணையும் மொத்த ஓட்டையும் இந்தக் குறிப்போடு ஒப்பிடுவதுதான் உங்கள் ஒரே பிடி. தபால் ஓட்டுகள் முதலில். மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவை அறிவிக்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்தபின் நீதிமன்றம்தான். சமமாக வந்தால் குலுக்கல்.

பதவியேற்ற பின் கவுன்சிலர்கள் கூடி மேயர் அல்லது தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2022-ல் மார்ச் 4 அன்று காலை 9.30 மணிக்கு மேயர், தலைவர் தேர்தலும் பிற்பகல் 2.30 மணிக்குத் துணைப் பதவிகளும். அந்தப் பதவிகளுக்கும் இடஒதுக்கீடு உண்டு. சென்னை மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, பிரியா ராஜன் தேர்வானார். கவுன்சிலர்களுக்கு 2023 முதல் மாத மதிப்பூதியம் உண்டு: மாநகராட்சியில் ரூ.10,000, நகராட்சியில் ரூ.5,000, பேரூராட்சியில் ரூ.2,500.

செலவுக் கணக்கு

முடிவு வந்த 30 நாளுக்குள் எல்லா வேட்பாளர்களும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவரும், டெபாசிட் இழந்தவரும், பேருக்கு நின்று பத்துப் பைசா செலவழிக்காதவரும் இதில் அடக்கம். செலவே இல்லையென்றால் இல்லை என்றே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யும். தோற்ற சோர்வில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு பக்கத்து வார்டில் இடைத்தேர்தல் வரும்போது, பரிசீலனை மேசையில் அந்தத் தகுதிநீக்கப் பட்டியலில் தங்கள் பெயரைப் பார்க்கிறார்கள். கணக்கைக் கொடுத்து வாங்கும் ஒப்புகைச் சீட்டை, டெபாசிட் ரசீதும் வரி ரசீதும் இருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.